இரண்டு வாரப் பாடம்

கரமனைக்காரர்களுக்கு இரண்டு மொழிகளில் கிண்டல் செய்யத் தெரியும். வீட்டுக்குள், தமிழில், யாராவது கொஞ்சம் விசித்திரமாக நடந்துகொண்டால் 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்பார்கள். வாசலுக்கு வந்து ஆட்டோக்காரரிடம் மலையாளத்தில் பேசும்போது அதுவே 'ஊளம்பாறை' ஆகிவிடும். கோழிக்கோட்டுப் பக்கம் போனால் 'குதிரவட்டம்'. மூன்றும் ஊர்ப் பெயர்கள். மூன்று ஊரிலும் பள்ளிக்கூடம் இருக்கிறது, மளிகைக் கடை இருக்கிறது, கல்யாண வீடுகளும் இருக்கின்றன. ஆனாலும் அங்கே ஒரு மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அந்தப் பெயர்கள் வசைச் சொற்களாகிவிட்டன. கண் ஆஸ்பத்திரி இருக்கிற எந்த ஊருக்கும், பிரசவ ஆஸ்பத்திரி இருக்கிற எந்த ஊருக்கும் இந்த கதி நேர்ந்ததாகத் தெரியவில்லை.

இவையெல்லாம் பழைய இடங்கள். சென்னையில் முதல் மனநோய் விடுதி 1794-ல் தொடங்கியது. வாலன்டைன் கானலி என்ற ஆங்கிலேய மருத்துவர் தொடங்கினார். அது கீழ்ப்பாக்கம் தோட்டத்துக்குக் குடிபெயர்ந்தது 1871-ல். திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரி அதற்கு ஒரு வருடம் மூத்தது. ஆயில்யம் திருநாள் மகாராஜா ஆண்ட காலத்தில், 1870-ல் தொடங்கியது. அந்த நாளில் அரசாங்கமே இந்த இடங்களைப் 'பைத்தியக்கார விடுதி' என்ற பொருள்பட்ட பெயரில்தான் அழைத்தது. பிறகு சட்டப் புத்தகத்தில் வார்த்தைகள் மாறின. 1912-ம் வருடச் சட்டத்தில் 'பைத்தியம்' இருந்தது. 1987-ல் அது 'மனநலச் சட்டம்' ஆயிற்று. 2017-ல் 'மனநலப் பராமரிப்புச் சட்டம்' வந்தது. நோயாளிக்கு உரிமைகள் உண்டு என்று பட்டியல் போட்டுச் சொன்னது. நூற்றைந்து வருடத்தில் சட்டம் இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது. தெருவில் பேசுகிறவர்கள் புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறார்கள்.

தெருவை விடுங்கள். டாக்டர்கள் எங்கே நிற்கிறார்கள்? இன்னும் சரியாகக் கேட்டால், நாளைக்கு டாக்டராகப் போகிற பையனும் பெண்ணும் எங்கே நிற்கிறார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, பெரியவர்களில் 10.6 சதவிகிதம் பேருக்கு அந்த நேரத்தில் ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருந்தது. பத்தில் ஒருவர். சிகிச்சை கிடைக்காதவர்களின் பங்கு, நோய்க்கு நோய் மாறுபட்டாலும், 70 முதல் 92 சதவிகிதம். இவர்கள் எல்லாரும் டாக்டரிடமே போகாதவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. நிறையப் பேர் போகிறார்கள். ஆனால் மனநல மருத்துவரிடம் போவதில்லை. பக்கத்துத் தெரு எம்.பி.பி.எஸ். டாக்டரிடமும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போகிறார்கள். அங்கே போய் 'எனக்கு மனச்சோர்வு' என்று சொல்வதும் இல்லை. நெஞ்சு படபடக்கிறது, தலைக்குள் எரிகிறது, உறக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, கை கால் ஓய்ந்து வருகிறது என்று சொல்கிறார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் அதைப் புரிந்துகொண்டு இன்னும் இரண்டு கேள்வி கேட்டால் விஷயம் வெளியே வரும். கேட்காவிட்டால் ஒரு டானிக், ஒரு சத்து ஊசி, ஒரு ஸ்கேன். அடுத்த மாதம் இன்னொரு டாக்டர், இன்னொரு ஸ்கேன்.

கரமனையிலிருந்து பார்த்தால் இந்த விஷயத்தில் இன்னொரு முடிச்சும் தெரியும். நாகர்கோவில் பஸ்கள் எங்கள் வழியாகத்தான் நகரத்துக்குள் நுழைகின்றன. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ல் திருவிதாங்கூரை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. பெரிய நோய் என்றால் திருவனந்தபுரம் என்ற பழக்கம் அதோடு சேர்ந்து போய்விடவில்லை. இதயம், எலும்பு, கட்டி என்றால் பாஷை பெரிய தடையில்லை. எக்ஸ்ரேக்கு மலையாளம், தமிழ் என்ற வித்தியாசம் கிடையாது. மனதின் நோய்க்கோ பேச்சுதான் ரத்தப் பரிசோதனை. 'மனசு பதைக்கு' என்று ஒரு குமரிமாவட்டத்துக் கிழவி சொன்னால், அந்தப் 'பதைப்பு' பயமா, துக்கமா, வெறும் வாயுத் தொந்தரவா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும். கேட்கிற அளவுக்கு இது ஒரு பெரிய விஷயம்தான் என்ற எண்ணமும் வேண்டும். அந்த எண்ணத்தை மருத்துவக் கல்லூரி கொடுக்கிறதா என்பதுதான் கேள்வி.

மாணவன் பதினெட்டு வயதில் கல்லூரிக்குள் நுழையும்போது கல்லீரலைப் பற்றி அவனுக்கு முன்முடிவு எதுவும் கிடையாது. மனநோயைப் பற்றி மட்டும் நிறையத் தெரிந்துகொண்டுதான் வருகிறான். பாதி கிண்டலிலிருந்து, மீதி சினிமாவிலிருந்து. நம் சினிமாவில் மனநல டாக்டர் என்றால் பெரும்பாலும் ஒரு கோமாளி. நோயாளியைவிட அவருக்குத்தான் மறை கழன்றிருக்கும். அல்லது மின்சார ஒயரோடு வருகிற வில்லன். இதில் மலையாளப் படங்கள் கொஞ்சம் பரவாயில்லை. 1987-ல் வந்த 'தனியாவர்த்தனம்', லோகிததாஸ் எழுதி சிபி மலயில் இயக்கியது, ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் கதை. பரம்பரையில் பைத்தியம் உண்டு என்று நம்புகிற குடும்பமும் ஊரும் சேர்ந்து, சுவாதீனமாக இருக்கிற ஒரு மனிதனைப் பைத்தியம் என்று முடிவு கட்டிவிடுகின்றன. அதற்கப்புறம் அவர் என்ன செய்தாலும் அது பைத்தியத்தின் அடையாளமாகவே தெரிகிறது. 1993-ல் வந்த 'மணிச்சித்திரத்தாழ்' படத்தில் மனநல டாக்டர்தான் கதாநாயகன். அதையே நாம் 2005-ல் 'சந்திரமுகி'யாகப் பார்த்தோம். ரசித்தோம். ஆனால் பார்த்துவிட்டு வெளியே வந்தவர்கள் நினைவில் வைத்துக்கொண்டது டாக்டரை அல்ல, பேயை.

மின்சார ஒயர் விஷயத்தையும் முடித்துவிடலாம். மின் அதிர்ச்சி சிகிச்சை இன்றும் இருக்கிறது. கடுமையான மனச்சோர்விலும், தற்கொலை எண்ணம் விடாமல் துரத்துகிற நிலையிலும் பலனளிக்கக்கூடிய சிகிச்சை அது. மயக்க மருந்தும் தசைகளைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்துத்தான் செய்ய வேண்டும். அவை இல்லாமல் செய்யக் கூடாது என்று 2017-ம் வருடச் சட்டம் தடை விதித்திருக்கிறது. நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதையும் அதே சட்டம் தடுக்கிறது. இதையெல்லாம் மாணவன் கல்லூரியில் கற்க வேண்டும். எவ்வளவு நாளில்?

இரண்டு வாரத்தில்.

1997-ல் இந்திய மருத்துவக் கவுன்சில் போட்ட விதிகளின்படி, எம்.பி.பி.எஸ். படிப்பில் மனநல வார்டுக்கு ஒதுக்கப்பட்ட காலம் இரண்டு வாரம். ஹவுஸ் சர்ஜன்சியில் அது விருப்பப் பாடம்; வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம். தனித் தேர்வு கிடையாது. பொது மருத்துவத் தாளின் ஒரு மூலையில், தோல் வியாதிக்குப் பக்கத்தில், ஒரு கேள்வி வந்தால் உண்டு. இருபது ஆண்டுகளுக்கு மேல் நம் டாக்டர்கள் இப்படித்தான் தயாரானார்கள். இன்று ஊர் ஊராக நோயாளி பார்த்துக்கொண்டிருக்கிறவர்களில் பெரும்பாலோர் இவர்கள்தாம்.

பிறகு நிலைமை மாறியது என்றும் சொல்ல வேண்டும். 2019-ல் வந்த புதிய பாடத்திட்டம் மனநல மருத்துவத்தில் மாணவனுக்கு இருக்க வேண்டிய திறன்கள் என்று 117 விஷயங்களைப் பட்டியலிட்டது. நோயாளியிடம் எப்படிப் பேசுவது, நடந்துகொள்வது என்பதையே ஒரு பாடமாகவும் வைத்தது. 2021 விதிகள் ஹவுஸ் சர்ஜன்சியில் இரண்டு வார மனநலப் பணியைக் கட்டாயமாக்கின. நல்ல காரியம். ஆனால் தனித் தேர்வு இன்னும் வரவில்லை. மனநல மருத்துவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். கடல் கடந்து இலங்கைக்குப் போனால், அங்கே மருத்துவ பீடங்களில் மனநல மருத்துவம் இறுதியாண்டில் தனிப் பாடம். அதற்கென்று தனித் தேர்வும் உண்டு. நம் ஊரில் தேர்வுக்கு வராத பாடத்தை மாணவர்கள் எப்படி நடத்துவார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. உடற்பயிற்சி வகுப்பையும் நீதிபோதனை வகுப்பையும் நாமெல்லாம் எப்படி நடத்தினோமோ, அப்படித்தான்.

மாணவர்களின் மனப்பான்மையை அளப்பதற்கென்றே கேள்வித்தாள்கள் இருக்கின்றன. கனடாவில் 1982-ல் முப்பது வாக்கியங்கள் கொண்ட ஒன்றைத் தயாரித்தார்கள். லண்டனில் 2010-ல் இன்னொன்று வந்தது. இவற்றுக்கெல்லாம் பாட்டனார் என்று எமரி பொகார்டஸ் என்ற அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் 1925-ல் வகுத்த அளவுகோலைச் சொல்லலாம். வேற்று இனத்தவரோடு ஒருவர் எவ்வளவு நெருக்கத்தைச் சகித்துக்கொள்வார் என்று கண்டுபிடிக்க அவர் அதைச் செய்தார். இவரை உங்கள் ஊரில் இருக்க விடுவீர்களா, பக்கத்து வீட்டில் விடுவீர்களா, உங்கள் குடும்பத்தில் பெண் கொடுப்பீர்களா என்று படிப்படியாகக் கேட்டுக்கொண்டு போவது. மனநோயாளிகள் விஷயத்திலும் அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். பல நாடுகளில், இந்தியாவிலும், மருத்துவ மாணவர்களிடம் நடந்த இத்தகைய ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிவது ஒன்றுதான். நோயைப் பற்றிய கேள்விகளுக்குச் சரியான பதில் எழுதுகிறவர்களே, வீடு, வேலை, கல்யாணம் என்று கேள்வி நெருங்கி வரும்போது பின்வாங்குகிறார்கள். அறிவு கூடினால் பயம் தானாகக் குறைந்துவிடும் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். அப்படி நடக்கவில்லை.

இதற்காக மாணவர்களை மட்டும் திட்டுவது நியாயமாகாது. கரமனை அக்கிரகாரத்தில் ஒரு போர்ஷன் வாடகைக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்டு வருகிற குடும்பத்தில் ஒரு பையன் மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறான் என்று தெரிந்தால் எத்தனை வீட்டுக்காரர்கள் சாவியைக் கொடுப்பார்கள்? சர்க்கரை வியாதிக்கு மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கொடுப்போம். நாமும் சாப்பிடுகிறோமே.

ஆனால் டாக்டராகப் போகிறவனின் பயம் வேறு விதமாக உண்டாகிறது. அதை அவனுக்கு ஆஸ்பத்திரியே கற்றுக்கொடுக்கிறது. அமெரிக்காவில் பாட்ரிஷியா கோஹன், ஜேக்கப் கோஹன் என்ற இருவர் 1984-ல் ஒரு கட்டுரையில் இதற்குப் பெயர் வைத்தார்கள்: மருத்துவரின் மாயத்தோற்றம். குணமானவர்கள் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. குணமாகாதவர்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள். ஆகவே ஆஸ்பத்திரியில் இருக்கிறவனுடைய கண்ணுக்கு அந்த நோய் குணமாகவே ஆகாது என்று தோன்றும். நீண்ட நாள் நோய் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும் என்றாலும், மனநோய் விஷயத்தில் இரட்டிப்பாகப் பொருந்துகிறது. இரண்டு வாரம் வார்டுக்குப் போகிற மாணவன் பார்ப்பது நோய் உச்சத்தில் இருக்கிறவர்களை. அல்லது வீட்டார் கைவிட்டுப் பல வருடமாக அங்கேயே இருக்கிறவர்களை. மூன்று மாதம் கழித்து அதே நோயாளி கடையில் உட்கார்ந்து பில் போடுவதை அவன் பார்ப்பதில்லை. பார்த்தாலும் அடையாளம் தெரிந்துகொள்ள வழியில்லை. குணமானவர் அதை வெளியே சொல்லமாட்டார். சொன்னால் வேலை போகும், வரன் போகும்.

சென்னையிலேயே இதற்கு மறுப்பு இருக்கிறது. கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியின் முதல் பெண் தலைவர் டாக்டர் சாரதா மேனன். 1961 முதல் 1978 வரை அங்கே பொறுப்பில் இருந்தார். ஓய்வு பெற்ற பிறகு 1984-ல் 'ஸ்கார்ஃப்' என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தை ஆரம்பித்தார். 2021-ல் தொண்ணூற்றெட்டு வயதில் காலமானார். அந்த நிறுவனத்தின் டாக்டர் தாராவும் குழுவினரும், 1980-களின் தொடக்கத்தில் முதன்முதலாக நோய் கண்ட 90 பேரை இருபது வருடத்துக்கு மேல் விடாமல் பின்தொடர்ந்தார்கள். பெரும்பாலோருக்கு நோய் விட்டுவிட்டு வந்தது. இடையில் வேலை பார்த்தார்கள், குடும்பம் நடத்தினார்கள். இடைவெளியே இல்லாமல் நோயிலேயே கிடந்தவர்கள் மிகச் சிலர்தான். வார்டில் இரண்டு வாரம் நின்றவனுக்கு இந்தப் படம் கிடைக்காது. இருபது வருடம் வீடு வீடாகப் போனவர்களுக்குக் கிடைத்தது.

கேரளத்தில் இதற்கு ஆய்வுகூடத் தேவையில்லை. வைக்கம் முகம்மது பஷீர் தமக்கு மனநோய் வந்ததையும் சிகிச்சை எடுத்துக்கொண்டதையும் மறைக்கவே இல்லை. 'பாத்தும்மாவின் ஆடு' அந்த நாட்களில், 1954-ல் எழுதியது, 1959-ல் வெளிவந்தது. மலையாளத்தில் வீட்டுக்கு வீடு சிரித்துக்கொண்டு படிக்கிற புத்தகம். பள்ளிக்கூடத்தில் பஷீரைப் படித்துவிட்டு வருகிற மாணவன், வார்டில் நிற்கும்போது மட்டும் அவரை மறந்துவிடுகிறான்.

இதுவரை சொன்னது மாணவன் மற்றவர்களைப் பார்க்கிற விதம். விஷயத்தின் மையம் இன்னும் வரவில்லை.

எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி மாடியில் கொஞ்ச காலம் ஒரு ஹவுஸ் சர்ஜன் குடியிருந்தாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண். எந்தக் கல்லூரி என்பது இங்கே தேவையில்லை. மனநல வார்டு எப்படி இருந்தது என்று ஒருநாள் கேட்டேன்.

"ரெண்டு வாரம் போட்டிருந்தாங்க சார். பாதிப் பேரு லைப்ரரியிலதான் இருப்பாங்க. பி.ஜி. என்ட்ரன்ஸுக்குப் படிக்க அதைவிட நல்ல போஸ்டிங் கிடையாது."

"நீ?"

"நானும்தான்."

கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு அவளே சொன்னாள்.

"ஃபைனல் இயர்ல எனக்கே வந்திச்சு சார். ரெண்டு மாசம் உறக்கமே கிடையாது. புத்தகத்தைத் திறந்தா எழுத்து நிக்காது. காலையில எந்திரிக்கவே எதுக்குன்னு இருக்கும். அது என்னதுன்னு எனக்குத் தெரியும். பரீட்சையில கேட்டா ஒன்பது லட்சணத்தையும் வரிசையா எழுதுவேன்."

"டாக்டரைப் பார்த்தியா?"

"எங்க காலேஜிலயா? ஓ.பி. சீட்டுல பேரு எழுதணும். உள்ள உக்காந்திருக்கது என் சீனியர். வெளிய போஸ்டிங்குல நிக்கது என் ஜூனியர். மறுநாள் ஹாஸ்டல் முழுக்கத் தெரிஞ்சிரும்."

கடைசியில் அவள் ஊருக்கு பஸ் ஏறி, அம்மாவைக் கூட்டிக்கொண்டு, வேறொரு ஊரில் தனியார் டாக்டரைப் பார்த்தாள். மாத்திரை கொடுத்தார். பேசினார். நாலைந்து மாதத்தில் சரியாயிற்று. பரீட்சையும் எழுதினாள். அந்த மாத்திரைகளை ஹாஸ்டல் அறையில் எங்கே வைத்திருந்தாள் தெரியுமா? வைட்டமின் பாட்டிலுக்குள்.

பெயர் போடாமல் எழுதிக்கொள்ளச் சொன்னாள். மஞ்சள் காமாலை வந்திருந்தால் ஹாஸ்டல் பாதி இளநீரோடு வந்து நின்றிருக்கும். கால் உடைந்திருந்தால் கட்டின் மேல் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். நோயைப் பற்றி எல்லாம் தெரிந்த இருநூறு பேருக்கு நடுவில், அதே நோயோடு அவள் தனியாக இருந்தாள்.

இவள் ஒருத்தி கதை என்று ஒதுக்க முடியாது. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 2016-ல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, 47 நாடுகளில் மருத்துவ மாணவர்களிடம் நடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. மனச்சோர்வு அல்லது அதன் அறிகுறிகள் இருந்தவர்கள் 27.2 சதவிகிதம். தற்கொலை எண்ணம் வந்தவர்கள் 11.1 சதவிகிதம். மனச்சோர்வு இருப்பதாகத் தெரிந்தவர்களில் சிகிச்சைக்குப் போனவர்கள் 15.7 சதவிகிதம்தான். நம் நாட்டில் தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024-ல் அறிக்கை கொடுத்தது. இணையம் வழியாக அதற்குப் பதில் அனுப்பிய எம்.பி.பி.எஸ். மாணவர்கள் 25,590 பேர். அவர்களில் 27.8 சதவிகிதம் பேர் தங்களுக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாகச் சொன்னார்கள். விருப்பப்பட்டவர்கள் அனுப்பிய பதில் என்பதால் மொத்த மாணவர்களுக்கும் இதே கணக்கு என்று சொல்ல முடியாது. ஆனால் ஏழாயிரம் பேர் என்பது சின்ன எண்ணிக்கை இல்லை.

மற்றவர்களின் மனநோயைப் பார்த்துச் சிரிக்கிற இடத்தில், தனக்கு வந்தால் ஒருவன் வாய் திறக்கமாட்டான். வாய் திறக்காதவன் டாக்டராகி உட்காரும்போது, எதிரே இருப்பவரையும் வாய் திறக்க விடமாட்டான். மருத்துவ மாணவர்களின் மனப்பான்மை என்று நாம் பேசுவதன் இரண்டு முனைகளும் இப்படி ஒரே கயிற்றில் இருக்கின்றன. வார்டில் நோயாளியைப் பற்றி அடிக்கப்படுகிற ஒவ்வொரு ஜோக்கையும், கூட்டத்தில் நிற்கிற யாரோ ஒருவர் தன்னைப் பற்றியதாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதற்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. அப்போது நாடு முழுக்கக் கேட்ட கேள்வி, ஆஸ்பத்திரியை விட்டு இவர்கள் ஏன் ஏர்வாடிக்குப் போகிறார்கள் என்பது. மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டோம். அதற்கு அடுத்த வருடம் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் நிம்ஹான்ஸ் மருத்துவர் ரகுராமும் சகாக்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோவிலில் தங்கியிருந்த 31 பேரைப் பார்த்து எழுதியது. அங்கே கட்டி வைப்பது கிடையாது. குடும்பத்தில் ஒருவர் கூடவே இருப்பார். கோவில் வேலைகளைச் செய்துகொண்டு இருப்பார்கள். தங்கியிருந்த வாரங்களில் அறிகுறிகள் ஏறக்குறைய 20 சதவிகிதம் குறைந்திருந்தன. விசேஷச் சடங்கு எதுவும் காரணமில்லை. பயமுறுத்தாத, அரவணைப்பான ஓர் இடத்தில் இருந்ததே காரணமாகத் தெரிகிறது என்றார்கள்.

மருந்து வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. மருந்து கட்டாயம் வேண்டும்; அந்த 31 பேருக்கும் மருந்து கிடைத்திருந்தால் இன்னும் நன்றாகவே ஆகியிருக்கும். ஆனால் குணசீலத்துக்கும் சோட்டானிக்கரைக்கும் ஒரு குடும்பம் மகளைக் கூட்டிக்கொண்டு போகும்போது தேடுவது சாமியை மட்டுமல்ல. ஏளனம் இல்லாமல் உட்கார ஓர் இடத்தையும் தேடுகிறது. அந்த இடத்தை ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெஞ்சில் உண்டாக்க முடிந்தால் பாதிப் பேர் அங்கேயே வந்துவிடுவார்கள். அதற்கு முதலில் மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் மாற வேண்டும்.

மாற்ற வழி இருக்கிறதா? இருக்கிறது, செலவும் அதிகமில்லை. கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியல் அறிஞர் 1954-ல் ஒன்று சொன்னார். ஒரு கூட்டத்தாரைப் பற்றிய வெறுப்பு அவர்களோடு பழகினால் குறையும், ஆனால் சமமாகப் பழகினால்தான் குறையும் என்று. வார்டில் மாணவன் நோயாளியைச் சந்திப்பது சமமான சந்திப்பு இல்லை. ஒருவர் வெள்ளை கோட், இன்னொருவர் ஆஸ்பத்திரி உடுப்பு. ஒருவர் நின்றுகொண்டு கேட்கிறார், இன்னொருவர் காட்சிப்பொருளாக உட்கார்ந்திருக்கிறார். நோயிலிருந்து மீண்டு வேலை பார்க்கிற ஒருவர் வகுப்புக்கு வந்து, மேடையில் நின்று, தனக்கு என்ன நேர்ந்தது, எந்த டாக்டர் எப்படிப் பேசினார், எந்த வார்த்தை வலித்தது என்று ஒரு மணி நேரம் பேசினால் அது வேறு பாடம். அன்றைக்கு அவர் ஆசிரியர், இவன் மாணவன். மற்ற நாடுகளில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். புத்தகப் பாடத்தைவிட இது மனப்பான்மையை நன்றாக அசைக்கிறது. ஒரு தடவையோடு நிறுத்தினால் பலன் தேய்ந்துவிடுகிறது என்றும் கண்டிருக்கிறார்கள். 1993-ல் சென்னையில் தொடங்கிய 'பேன்யன்' அமைப்பு, பல வருடம் ஆஸ்பத்திரியிலேயே இருந்த பெண்களைச் சாதாரணத் தெருக்களில் சாதாரண வீடுகளில் நாலைந்து பேராகக் குடிவைக்கிறது. மாணவனின் இரண்டு வாரத்தில் இரண்டு நாளை அப்படி ஒரு வீட்டின் சமையலறையில் கழிக்கவிட்டால், அவன் வாழ்நாளுக்கும் மறக்கமாட்டான்.

இரண்டாவது, தனித் தேர்வு. இது இல்லாமல் மற்றதெல்லாம் நீதிபோதனை வகுப்பாகவே முடியும்.

மூன்றாவதுதான் அவசரமானது. மாணவர்களுக்கான மனநல மருத்துவர் அவர்களுடைய சொந்தக் கல்லூரிக்கு வெளியே இருக்க வேண்டும். அவர்களுக்குப் பாடம் எடுப்பவராகவோ மார்க் போடுபவராகவோ இருக்கக் கூடாது. சிகிச்சை விவரம் ரகசியம் என்பது 2017 சட்டம் எல்லா நோயாளிக்கும் கொடுத்த உரிமை. சொந்த சீனியர் சீட்டு எழுதுகிற ஓ.பி.யில் அந்த உரிமை காகிதத்தோடு நின்றுவிடுகிறது. 2022-ல் லட்சம் பேருக்கு 12.4 தற்கொலைகள் என்று நாட்டின் கணக்கு சொல்கிறது. கேரளத்தில் அது 28.5. தமிழ்நாட்டில் 25.9. இந்த இரண்டு மாநிலங்களும்தான் மருத்துவக் கல்லூரிகளைப் பற்றி அதிகம் பெருமைப்பட்டுக்கொள்கின்றன. அரசாங்கத்தின் 'டெலி மானஸ்' சேவை 2022 அக்டோபரில் வந்தது. 14416 என்ற எண்ணுக்கு யாரும் எந்த நேரமும் தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். டாக்டர்களும் பேசலாம்.

நான்காவது ஒன்றும் உண்டு. அதற்கு ஆணையமோ பாடத்திட்டமோ வேண்டியதில்லை. ஒவ்வொரு வார்டிலும் மாணவர்கள் அண்ணாந்து பார்க்கிற ஒரு பேராசிரியர் இருப்பார். அவர் ஒருநாள் ரவுண்ட்ஸ் முடிந்து காபி குடிக்கும்போது, "நானும் ஒரு காலத்தில் இந்த மாத்திரை சாப்பிட்டிருக்கிறேன்" என்று சாதாரணமாகச் சொன்னால் போதும். சுற்றி நிற்கிற பத்துப் பேரில் இரண்டு மூன்று பேர் அன்று ராத்திரி ஹாஸ்டலுக்குப் போய், வைட்டமின் பாட்டிலில் இருக்கிற மாத்திரையை அதன் சொந்த அட்டையிலேயே மேஜை மேல் எடுத்து வைக்கக்கூடும்.